மார்க்கச்சும் அதன் அளவும்: சில தவறான எண்ணங்கள்

வெளியே தெரியும் ஆடைகளின் பொருட்டு நாம் செலவிடும் நேரத்திற்கும் சிந்தனைக்கும் கணக்கில்லை. சேலைக்கு ஏற்ற சட்டை, சட்டைக்கு ஏற்ற கை, சிறுமியின் பாவாடைக்கு வேண்டிய சுருக்கு என ஒவ்வொன்றையும் தையற்காரரிடம் பலமுறை எடுத்துச் சொல்லித் திருத்துவிக்கின்றோம். ஆயின், காலை முதல் இரவு வரை உடலோடு ஒட்டி நின்று உழைக்கும் ஓர் ஆடையைப் பற்றி மட்டும் வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. ஏட்டில் மார்க்கச்சு என்றும், கடையில் பிறேசியர் என்றும் வழங்கும் உள்ளாடையையே இங்கே குறிப்பிடுகின்றோம். தாய் மகளுக்குச் சொல்லக் கூசுகின்றாள்; மகள் தாயிடம் கேட்கக் கூசுகின்றாள்; கடைக்காரரிடம் பேச இருவருமே கூசுகின்றனர். இவ்வாறு மூன்று இடங்களில் வாயடைத்துப் போன விஷயத்தில் தவறான எண்ணங்கள் மலிந்து கிடப்பதில் வியப்பில்லை.

இதனைக் குடும்பத்தினர் யாவரும் படிக்கும் பகுதியில் எழுதலாமா என்று சிலர் ஐயுறலாம். காலுக்குப் பொருந்தாத செருப்பைப் பற்றி எழுதுவதில் கூச்சம் இல்லை. அவ்வாறாயின், தோளையும் முதுகையும் வருத்துகின்ற ஆடையைப் பற்றி எழுதுவதிலும் கூச்சம் வேண்டியதில்லை. நோவு நோவுதான்; அது காலில் இருந்தால் என்ன, தோளில் இருந்தால் என்ன?

வன்னியில் இருந்து கொண்டு இதனைப் பேசுவதற்குத் தனியான காரணமும் உண்டு. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், இப்பெருநிலப்பரப்பில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தாரின் ‘விடியல்’, ‘வானவில்’ என்னும் தொழிற்சாலைகள் தோன்றின. வவுனியாவில் ‘ஒமேகா லைன்’ தோன்றியது. இது, உள்ளாடை வியாபாரத்தில் பேர்பெற்ற இத்தாலிய நாட்டுக் கல்செடோனியா குழுமத்தைச் சேர்ந்தது. வன்னிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இன்று தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்து குடும்பங்களைத் தாங்குகின்றனர். மார்க்கச்சு உள்ளிட்ட உள்ளாடைகளை உலகுக்குத் தைத்துக் கொடுப்பதில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. அயல்நாட்டாருக்காக நூலிழை பிசகாமல் அளவு பார்க்கும் ஒரு நாட்டில், நம் பெண்கள் தமக்கு வேண்டியதை மட்டும் குத்துமதிப்பாக வாங்கி அணிவது பொருத்தமாகுமா?

எழுத்து வந்த வரலாறு

கச்சு என்னும் சொல் தமிழுக்குப் பழையது. ஆயினும் இன்று நாம் காணும் மார்க்கச்சின் வயது ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்டதே. பிரான்சு தேசத்தில் எர்மினி கடோல் என்னும் அம்மையார் 1889ஆம் ஆண்டளவில், உடல் முழுவதையும் இறுக்கிய பழைய கச்சினை இரண்டாகப் பிரித்தார். நியூயோர்க் நகரத்து மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் இளம்பெண், இரண்டு கைக்குட்டைகளையும் சிறிது நாடாவையும் இணைத்துத் தைத்த கச்சுக்கு 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காப்புரிமை பெற்றார்.

அக்காலத்தில் மார்பின் சுற்றளவைக் குறிக்கும் ஓர் இலக்கமே போதும் என்று கருதினர். ஆனால், ஒரே சுற்றளவுடைய இரு பெண்களின் உடலமைப்பு ஒன்றாய் இருப்பதில்லை. ஒருத்திக்கு அகன்ற முதுகும் சிறிய மார்பும் இருக்கலாம். மற்றொருத்திக்கு ஒடுங்கிய முதுகும் பெரிய மார்பும் இருக்கலாம். அளவு நாடாவோ இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். இக்குறையை உணர்ந்த அமெரிக்கக் கம்பனிகள் 1930களில் ஏ, பீ, சீ, டீ என்னும் எழுத்துகளைப் புகுத்தின. எஸ். எச். காம்ப் என்னும் கம்பனி இதற்கு வழிகாட்டியது. வோர்னர் கம்பனி பின்பற்றியது. அன்று முதல் மார்க்கச்சின் அளவு என்பது இலக்கமும் எழுத்தும் சேர்ந்த ஒன்றாயிற்று.

இது நடந்து தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தும், வவுனியா கடைவீதியிலும் புதுக்குடியிருப்புச் சந்தையிலும் ‘முப்பத்துநாலு ஒன்று தாருங்கோ’ என்று தாழ்ந்த குரலில் கேட்டு, கடதாசியில் சுற்றியதை அவிழ்த்தும் பாராமல் வீடு திரும்புவோர் பலர். எழுத்தைக் கேட்பவர் சிலர். அணிந்து பார்த்து வாங்குவோர் அதனினும் சிலர்.

முதலாவது தவறு: இலக்கமே அளவு என்பது

34 என்னும் இலக்கம் உடலில் எந்த இடத்தின் அளவு என்று கேட்டால், மார்பின் சுற்றளவு என்றே அநேகர் விடை கூறுவர். அது சரியன்று. அவ்விலக்கம் குறிப்பது மார்புக்குக் கீழே உடலைச் சுற்றி வரும் பட்டியை. அதுவும் அங்குலக் கணக்கில் நேரான அளவன்று.

ஐரோப்பிய முறையில் 75 என்று குறிக்கப்படும் கச்சு, மார்புக்குக் கீழே 75 சென்ரிமீற்றர் சுற்றளவு உள்ளவருக்கு உரியது. அதே கச்சுக்கு இங்கிலாந்து முறையில் 34 என்று பெயர். 75 சென்ரிமீற்றரை அங்குலமாக்கினால் 29½ அங்குலமே வரும், 34 வராது! மார்புக்குக் கீழே அளந்து, அதனுடன் நாலைந்து அங்குலம் கூட்டி இலக்கமிட்ட பழைய வழக்கத்தின் எச்சம் இது. அதே கச்சு பிரான்சில் 90 எனவும், இத்தாலியில் வெறும் 3 எனவும் பெயர் பெறும். ஆடை ஒன்று, பெயர்கள் நான்கு. ஆகவே சீட்டில் உள்ள இலக்கம் ஓர் அடையாளமேயன்றி, நம் உடலின் தீர்ப்பு அன்று. சென்ற முறை வாங்கியது 34 என்பதனால் வேறு கம்பனியின் 34உம் பொருந்திவிடும் என்று நம்புதல் கூடாது.

இரண்டாவது தவறு: ‘டீ’ என்றால் பெரியது என்பது

எழுத்து குறிப்பது கிண்ணத்தின் அளவை. ஆயின், ‘பீ’ என்பது எல்லா இலக்கத்திலும் ஒரே கொள்ளளவு உடையது என்று எண்ணுதல் பிழை. எழுத்து ஒரு வித்தியாசத்தைச் சொல்வது. மார்பின் சுற்றளவிலிருந்து அதற்குக் கீழுள்ள சுற்றளவைக் கழித்தால் மிஞ்சுவதே அவ்வித்தியாசம். ஆதலால் இலக்கம் ஏற ஏற, அதே எழுத்துக்குரிய கிண்ணமும் பெருகிக்கொண்டே போகும்.

இதிலிருந்து ஓர் அதிசயமான உண்மை பெறப்படுகின்றது. 32 சீ, 34 பீ, 36 ஏ ஆகிய மூன்றின் கிண்ணங்களும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு உடையவை. பட்டியின் நீளமே வேறு. மெலிந்த பெண் ஒருத்திக்கு 32 டீ பொருந்தினால் அவள் நாணவேண்டியதில்லை. அது 36 பீ கொள்ளும் அளவே கொள்ளும். எழுத்தைக் கேட்டு நகைப்பவர் கணக்கு அறியாதவர்.

இவ்வுண்மையை அறியாமையால் விளையும் தொல்லை ஒன்றுண்டு. 34 பீயில் கிண்ணம் போதவில்லை என்று காணும் பெண், 34 சீயைக் கேட்பதை விடுத்து, எழுத்து ஏதும் குறியாத 36 ஒன்றை வாங்குகின்றாள். கிண்ணம் சற்றுப் பெரிதாகின்றது. அதனோடு பட்டியும் தளர்ந்துவிடுகின்றது. தளர்ந்த பட்டி முதுகில் மேலேறுகின்றது. பின்னர் தோள்நாடாவை இழுத்து இறுக்கவேண்டி நேரிடுகின்றது. தோளில் பள்ளம் விழுகின்றது, கழுத்து நோகின்றது.

மூன்றாவது தவறு: பாரத்தைத் தாங்குவது தோள்நாடா என்பது

கிணற்றில் தண்ணீர் அள்ளிய குடத்தை நம் பெண்கள் இடுப்பில் வைப்பார்களேயன்றித் தோளில் கயிறு கட்டித் தொங்கவிடமாட்டார்கள். உடலின் நடுப்பகுதி தாங்கும் பாரம் உடலை வருத்தாது என்பதை அவர்கள் அறிவார்கள். மார்க்கச்சின் நியாயமும் அதுவே. பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றிவரும் பட்டி. தோள்நாடா கிண்ணத்தை இடம்பெயராமல் நிறுத்தும் துணை மாத்திரமே. தோளில் சிவந்த கோடு விழுந்தால் நாடாவைக் குறை கூறுதல் வழக்கம். பெரும்பாலும் குற்றம் பட்டியினது.

அவுஸ்திரேலியாவில் 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், முப்பது இளம்பெண்கள் அணிந்திருந்த கச்சுகள் சோதிக்கப்பட்டன. அவர்களுள் நூற்றுக்கு எண்பது வீதத்தினர் பொருந்தாத அளவையே அணிந்திருந்தனர். எழுபது வீதத்தினர் அணிந்தது சிறியது. பத்து வீதத்தினர் அணிந்தது பெரியது. முப்பது பேர் என்பது சிறிய தொகைதான். எனினும், அளந்து விற்கும் கடைகள் நிறைந்த நாட்டிலேயே நிலைமை இதுவாயின், நம் ஊர்ப் பெண்கள் தம்மைத் தாமே நொந்துகொள்ளக் காரணமில்லை.

வீட்டிலேயே அளக்கும் முறை

இதற்கு வேண்டியது தையற்பெட்டியில் கிடக்கும் அளவு நாடா ஒன்றே. அங்குலப் பக்கத்தை விடுத்துச் சென்ரிமீற்றர்ப் பக்கத்தைக் கொள்க.

முதலில், மார்புக்குச் சற்றுக் கீழே நாடாவைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் இறுக்கமாக அளக்க வேண்டும். முதுகுப்புறத்தில் நாடா மேலேறாமலும் தாழாமலும் நேராக இருத்தல் அவசியம். இரண்டாவதாக, மார்பின் மிக முன்னிற்கும் இடத்தைச் சுற்றி, அழுத்தாமல் இலேசாக அளக்க வேண்டும். தடித்த பஞ்சு வைத்த கச்சு அணிந்து அளத்தல் கூடாது.

முதல் அளவு 70க்கு அணித்தாயின் இலக்கம் 32. 75 ஆயின் 34. 80 ஆயின் 36. 85 ஆயின் 38. இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் ஆயின் எழுத்து ஏ. 15 ஆயின் பீ. 17 ஆயின் சீ. 19 ஆயின் டீ. உதாரணமாக, கீழ்ச்சுற்று 75, மார்ச்சுற்று 92 எனக் கொள்வோம். வித்தியாசம் 17. ஆகவே அளவு 75 சீ. நம் கடை வழக்கில் 34 சீ. டீக்கு மேற்பட்ட எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதையும் நினைவிற் கொள்க.

இக்கணக்கு தொடக்கம் மாத்திரமே. முடிவு சொல்ல வேண்டியது உடல். அணிந்தபின் ஐந்து விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

பட்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கின்றதா? அதனுள் இரண்டு விரல்கள் நுழையலாம். கை முழுவதும் நுழைந்தால் அது தளர்வு. தோள்நாடாவைக் கீழே இறக்கினாலும் கச்சு நழுவாமல் நிற்கின்றதா? கிண்ணத்தின் மேலோ பக்கத்திலோ சதை பிதுங்குகின்றதா? பிதுங்கினால் கிண்ணம் சிறிது. துணி சுருங்கி வெறுமையாய் நின்றால் கிண்ணம் பெரிது. கம்பி வைத்ததாயின், அக்கம்பி மார்பின் மேல் ஏறாமல் அடியைச் சுற்றி நெஞ்செலும்பில் படிந்து நிற்கின்றதா? இறுதியாக, கைகளை உயர்த்தினாலும் குனிந்தாலும் கச்சு இடம் மாறாமல் இருக்கின்றதா?

புதிதாக வாங்குவதை, கடைசிக் கொளுக்கியில், அதாவது ஆகத் தளர்ந்த இடத்தில் பூட்டிப் பொருந்துமாறு தெரிவு செய்க. நாளடைவில் இழுவை தளரும்போது உட்கொளுக்கிகள் கைகொடுக்கும். பெரும்பாலானோருக்கு இரு மார்புகளும் சரிசமமாய் இருப்பதில்லை, இது நோயன்று. பெரிய பக்கத்துக்குப் பொருந்துமாறு வாங்குவதே முறை. பருவ வளர்ச்சியிலும், கருவுற்ற காலத்திலும், பாலூட்டும் காலத்திலும், உடல் பருத்தாலும் மெலிந்தாலும் அளவு மாறும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் புதிதாக அளத்தல் நன்று.

மாணவிகளின் பொருட்டு

பள்ளிக்கூட மைதானத்தில் வலைப்பந்து விளையாடிக் கொண்டிருந்த சிறுமி, பதின்மூன்று பதினான்கு வயதில் திடீரென ஓரத்தில் ஒதுங்கி நிற்பதை ஆசிரியைகள் அறிவார்கள். சோம்பல் என்று சிலர் கடிந்துகொள்வதும் உண்டு. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தார், 11 முதல் 18 வயது வரையான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவிகளை வினவி 2016ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டனர். தமது மார்பின் காரணமாக விளையாட்டிலும் உடற்பயிற்சியிலும் பங்குகொள்வது பாதிக்கப்படுவதாக நூற்றுக்கு 46 வீதத்தினர் கூறினர். இவ்விஷயத்தில் மேலும் அறிய விரும்புவதாகப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோர் கூறினர்.

குளிர்நாட்டுச் சிறுமியருக்கே இந்நிலை. வன்னிச் சிறுமியோ கிரவல் பாதையில் துவிச்சக்கர வண்டி மிதித்துப் பள்ளிக்கூடம் செல்கின்றாள், வெயிலில் ஓடுகின்றாள். அவளுக்கு முதற் கச்சினை வாங்கிக் கொடுக்கும் தாயோ அக்காவோ, ‘வளரும் பிள்ளைதானே, பெரிதாக வாங்குவோம்’ என்று எண்ணுதல் வேண்டாம். சப்பாத்து பெரிதானால் முன்னே பஞ்சு வைத்து நடக்கலாம்; இதில் அது செல்லாது. இறுக்கிக் கட்டினால் வளர்ச்சி குறையும் என்னும் எண்ணமும் ஆதாரமற்றது. அதனால் வருவது நோவும் மூச்சுத் திணறலும் மாத்திரமே. விளையாடும் வேளைக்கென அசைவைத் தடுக்கும் விளையாட்டுக் கச்சு ஒன்று இருப்பின், பிள்ளை மைதானத்தை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

வியர்வையும் வெயிலும்

நம் ஊர் வெப்பத்துக்கு உகந்தது வியர்வையை உறிஞ்சும் பருத்தித் துணி. இறுகிய செயற்கைத் துணியினுள் வியர்வை தங்கினால், மார்பின் கீழ் மடிப்பில் தோல் சிவந்து, அரிப்பும் பூஞ்சணமும் உண்டாகும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோய்த்த கச்சினைப் பிறர் கண்ணில் படலாகாது என்று வேறொரு துணியின் கீழ் மறைத்துக் காயவைக்கின்றோம். காற்றுப் படாத துணி ஈரம் உலராது. ஈரம் உலராத துணி தோல்நோய்க்கு வித்து. கல்லில் அடித்துத் தோய்ப்பதும் முறுக்கிப் பிழிவதும் இழுவைப் பட்டியை விரைவில் அழித்துவிடும். கையால் மெல்லத் தோய்த்து, காற்றோட்டமுள்ள நிழலில் வெளிப்படையாகக் காயவிடுவதே நல்லது. நாணத்துக்கு ஒரு வீட்டில் எத்தனையோ இடமுண்டு. கொடிக்கயிறு அதற்கு உரிய இடமன்று.

அச்சமும் உண்மையும்

மார்க்கச்சு அணிந்தால் புற்றுநோய் வரும் என்றும், கறுப்பு நிறமாயின் நிச்சயம் வரும் என்றும், இரவில் அணிந்தால் தப்ப முடியாது என்றும் ஒரு வதந்தி ஊர்தோறும் உலவுகின்றது. அமெரிக்காவில் சியாற்றில் நகரத்துப் பிரெட் ஹச்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் இதனை நேராகவே ஆராய்ந்தனர். மார்பகப் புற்றுநோய் கண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட மூத்த பெண்களையும், அந்நோய் இல்லாத நானூற்றுக்கு மேற்பட்டோரையும் வினவினர். எத்தனை வயதில் அணியத் தொடங்கினர், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் அணிந்தனர், கம்பி வைத்ததா, கிண்ணம் எவ்வளவு என எல்லாவற்றையும் ஒப்பிட்டனர். மார்க்கச்சுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரவில் அணிவதும் அணியாததும் அவரவர் சௌகரியம்.

வதந்தியினால் வரும் உண்மையான தீங்கு வேறு. இலங்கைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. கச்சின் நிறத்துக்கு அஞ்சும் பெண், மார்பில் தட்டுப்படும் கட்டியை எவரிடமும் சொல்லாது நாட்களைக் கடத்தினால், அவள் அஞ்சவேண்டியதற்கு அஞ்சவில்லை. புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், இரத்தக் கசிவு ஆகியன கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். 35 வயதைக் கடந்த பெண்களுக்கென நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால், அது எந்நாளில் எங்கே கூடுகின்றது என்று சொல்வார்கள். மார்பகப் பரிசோதனை அங்கே இலவசம்.

அணிந்தால் மார்பு தளராது என்பதும் அவ்வாறான ஒரு நம்பிக்கையே. வயது, மகப்பேறு, உடல் எடையின் ஏற்றத்தாழ்வு, தோலின் இயல்பு ஆகியவையே தளர்ச்சிக்குக் காரணங்கள். கச்சு அணிந்திருக்கும் வரை தாங்கும். கழற்றியபின் அதற்கு வேலையில்லை.

சொல்லவேண்டியது ஒன்றே

இவ்வளவும் சொன்னதன் சாரம் சிறியது. பொருந்தாத ஆடை பொருந்தாததற்குக் குற்றவாளி ஆடையேயன்றி உடலன்று. ‘என் உடம்பு சரியில்லை’ என்று தன்னையே குறைத்துக்கொள்ளும் சிறுமிக்கு, ‘அளவு சரியில்லை, மாற்றுவோம்’ என்று சொல்லும் ஒரு தாய் வேண்டும். தாய் இல்லாத இடத்தில் ஓர் அக்கா, ஓர் ஆசிரியை வேண்டும். போரினால் தாயை இழந்த பிள்ளைகள் வளர்ந்த மண் இது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த வாரம் ஒரு மாலைப்பொழுதில் தையற்பெட்டியைத் திறந்து அளவு நாடாவை எடுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரு கடதாசித் துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, இலக்கத்தையும் எழுத்தையும் சேர்த்து, கேட்கும் குரலிலேயே கேளுங்கள்.